ரத்தப் புற்றுக்குக் கடிவாளம் போட்ட டாக்டர் சுப்பாராவ்

சென்னை அசோக் நகரில், தூணைச் சுற்றியுள்ள தெருக்களில் மருந்துக் கடைகள் பல இருக்கின்றன.

டாக்டர் எழுதிய சீட்டை நீட்டி, மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கேட்பவர்கள் உண்டு. பெயர் வாயில் நுழையாது. மாத்திரையோ சின்னஞ்சிறியது.

ரத்தப் புற்று வந்த குழந்தைக்கு அது உயிர் காக்கும் மருந்து. மூட்டு வாதத்துக்கும் அதைக் கொடுக்கிறார்கள்.

அந்த மருந்தையும், அதற்கு அண்ணன் போல முன்னால் வந்த இன்னொரு மருந்தையும் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சிக் கூட்டம் உருவாக்கியது. அந்தக் கூட்டத்தின் தலைவர் ஓர் இந்தியர். சென்னையில் படித்தவர். அண்ணனையும் தம்பியையும் ஒரே நோய்க்குப் பறிகொடுத்தவர்.

அவர்தான் டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

ஒரே வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு நேர்ந்தால், குடும்பத்தைப் பிடித்த சாபம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக் கொள்வது நம் நாட்டு வழக்கம். சுப்பாராவ் காரணத்தைத் தேடிக் கிளம்பினார். அந்தத் தேடல் கடல் கடந்தது. கடைசியில் அது ரத்தப் புற்றின் வாசலில் போய் நின்றது!

வாழைப்பழம் விற்க ஓட்டம்

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி சுப்பாராவ் பிறந்தார். ஊர் பீமவரம். அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. இன்று ஆந்திராவில் இருக்கிறது. தந்தை ஜகந்நாதம். தாய் வெங்கம்மா.

குடும்பத்தில் பணக் கஷ்டம். பையனுக்கோ படிப்பில் மனம் செல்லவில்லை. 13 வயதில் வீட்டை விட்டு ஓடினான். காசிக்குப் போய், யாத்திரை வருகிறவர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்பது அவன் போட்ட கணக்கு.

கணக்கு பலிக்கவில்லை. பாதி வழியில் பிடிபட்டான். தாய் வெங்கம்மா அவனை மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்து படித்தான். மூன்றாவது முறை தேறினான்.

அதன்பிறகு மாநிலக் கல்லூரி. கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். ஆனால் மனம் துறவை நாடியது. ராமகிருஷ்ண மிஷனில் சேர்ந்துவிட விரும்பினார். தாய் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்ற வழி அவருக்குக் காட்டப்பட்டது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்குப் பணம் ஏது? நண்பர்கள் கொடுத்தார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார். 1919-ம் ஆண்டில் அவருடைய மகள் சேஷகிரியை சுப்பாராவ் மணந்து கொண்டார்.

கதர் அங்கி

அது காந்தியடிகளின் இயக்கம் நாட்டை உலுக்கிய காலம். அன்னியத் துணியை ஒதுக்கும்படி அவர் மக்களைக் கேட்டுக் கொண்டார்.

ஆபரேஷன் அறையில் மருத்துவ மாணவர்கள் அங்கி போட்டுக் கொள்வார்கள். சுப்பாராவ் கதரில் அங்கி தைத்துப் போட்டுக் கொண்டு போனார்!

அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர். அவருக்குக் கோபம் வந்தது. சுப்பாராவ் மற்றப் பாடங்களில் நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

சென்னை மருத்துவப் பணியில் சேர முயன்றார். இடம் கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில், உடற்கூறு கற்றுக் கொடுக்கும் வேலைக்குப் போனார்.

அண்ணனும் தம்பியும்

இதற்கிடையில் வீட்டில் பேரிடி விழுந்தது.

ஸ்ப்ரூ என்று ஒரு நோய். வெப்ப நாடுகளில் வரும். சாப்பிட்டது குடலில் தங்காது. பேதி ஓயாது. நாக்கு புண்ணாகும். ரத்தம் சுண்டும். உடல் எலும்பும் தோலுமாகிவிடும்.

சுப்பாராவின் அண்ணனை அந்த நோய் கொண்டு போயிற்று. சில நாட்களுக்குள் தம்பியும் போய்விட்டார்.

மருத்துவம் படித்தவர் வீட்டிலேயே இந்தக் கதி! நோய்க்கு மருந்து என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. எது குறைந்ததால் ரத்தம் சுண்டியது என்பதும் தெரியாது.

அந்தக் கேள்வி சுப்பாராவை விடவில்லை.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்களுக்கென்றே ஒரு பள்ளி இருந்தது. அங்கே போகத் தீர்மானித்தார். மாமனாரும், காக்கிநாடாவில் இருந்த ஒரு தர்ம ஸ்தாபனமும் பண உதவி செய்தார்கள்.

சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்றுதான் கப்பல் ஏறினார். இளம் மனைவி ஊரில் தங்கினார். கணவரை அவர் மறுபடியும் பார்க்கவே இல்லை. சுப்பாராவ் போன பிறகு பிறந்த ஆண் குழந்தையும் சிறு வயதிலேயே இறந்து போயிற்று.

ஆஸ்பத்திரி வேலையாள்

பாஸ்டன் நகரில் போய் இறங்கியபோது அவர் பையில் அதிகப் பணம் இல்லை. சென்னையில் வாங்கிய பட்டத்தை வைத்துக் கொண்டு அங்கே டாக்டராக வேலை பார்க்கவும் முடியாது.

என்ன செய்தார்? ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேர வேலையாள் ஆனார். நோயாளிகளின் மலச்சட்டிகளை எடுத்துக் கழுவினார். பகலில் படித்தார்.

வெப்ப நாட்டு நோய்ப் படிப்பை முடித்ததும், சைரஸ் பிஸ்க் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நிறத்தைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் கண்டுபிடித்தார்கள். அது 1925-ல் வெளியாயிற்று. பிஸ்க்–சுப்பாராவ் முறை என்று உலகெங்கும் மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

தசைக்கு வலு தரும் பொருள்கள் எவை என்றும் இருவரும் ஆராய்ந்தார்கள். 1927-ல் பாஸ்போகிரியேட்டின் பற்றி அறிவித்தார்கள். 1929-ல் ஏ.டி.பி. என்ற பொருளைப் பற்றி எழுதினார்கள். நாம் கை அசைப்பதற்கும் இதயம் துடிப்பதற்கும் வேண்டிய சக்தியை அதுதான் செல்லுக்குச் செல் எடுத்துக் கொடுக்கிறது.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் அதன் ஆராய்ச்சிச் சாலை இருந்தது. அங்கே சுப்பாராவ் ஆராய்ச்சிப் பகுதிக்குத் தலைவர் ஆனார்.

கீரையில் ஒளிந்த சத்து

அங்கே அவர் தொட்ட பெரிய வேலைகளில் ஒன்று போலிக் அமிலம்.

இந்தக் கதையில் பம்பாய்க்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் 1920-களின் கடைசியில் அங்கே வந்தார். கர்ப்பிணிகளுக்கு ரத்தம் சுண்டும் நோயை ஆராய்ந்தார். ஈஸ்ட் என்னும் காடியின் சாரத்தைக் கொடுத்ததும் அவர்கள் தேறியதைக் கண்டு, 1931-ல் எழுதினார். அதில் உள்ள சத்து எது என்று அப்போது பிடிபடவில்லை.

1941-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 4 டன் பசலைக் கீரையை அரைத்து வடித்து, ஒரு துளி சத்தை எடுத்தார்கள். இலையிலிருந்து வந்ததால், லத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

டன் கணக்கில் கீரை அரைத்தால் ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்க முடியுமா? சுப்பாராவின் கூட்டத்தார் அந்தச் சத்தை ஆராய்ச்சிச் சாலையிலேயே செய்து காட்டினார்கள். 1945-ல் அது அறிவிக்கப்பட்டது.

உடனே அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் சுண்டியவர்கள் தேறினார்கள். ஸ்ப்ரூ நோயாளிகளும் தேறினார்கள்!

அண்ணனையும் தம்பியையும் கொன்ற நோய்க்கு வழி பிறந்துவிட்டது. ஆனால் அவர்கள் இறந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

செல்லின் பாகப்பிரிவினை

போலிக் அமிலம் இல்லாவிட்டால் ரத்தம் ஏன் சுண்ட வேண்டும்? இதைத் தெரிந்து கொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும்.

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. செல் என்பது உயிருள்ள சின்னஞ்சிறு அறை. ஒரு செல் இரண்டாகும். இரண்டு நான்காகும். இப்படித்தான் உடல் வளர்கிறது.

இதை ஒரு குடும்பத்துப் பாகப்பிரிவினை போல நினைத்துக் கொள்ளலாம்.

செல்லுக்குள் 46 பத்திரக் கட்டுகள் இருக்கின்றன. அவைதான் குரோமோசோம்கள். 23 தந்தை வழி வந்தவை. 23 தாய் வழி வந்தவை. உடலை நடத்தும் கட்டளைகள் அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கட்டளைக்கும் ஜீன் என்று பெயர்.

பிரிவதற்கு முன் செல் எல்லாப் பத்திரங்களுக்கும் நகல் எடுக்கும். பிறகு மெல்லிய இழைகள் வந்து, மூலத்தை ஒரு பக்கமும் நகலை மறுபக்கமும் இழுக்கும். இரண்டு பங்காளிகளுக்கும் 46 கட்டுகள் சரியாகப் போய்ச் சேர வேண்டும்.

இதைக் கண்காணிக்கப் பஞ்சாயத்தார் போல சில புரதங்கள் இருக்கின்றன. எல்லாக் கட்டிலும் இழை மாட்டியாயிற்றா என்று அவை பார்க்கும். ஒன்று பாக்கி இருந்தாலும் பிரிவினையை நிறுத்தி வைக்கும்.

நகல் எடுக்க எழுத்து வேண்டும் அல்லவா? அந்த எழுத்துகளில் ஒன்றைச் செய்யப் போலிக் அமிலம் தேவை. அது இல்லாவிட்டால் நகல் பாதியில் நிற்கும். செல் பிரிய முடியாது.

உடலில் மிக வேகமாகச் செல் பிரியும் இடங்களில் ஒன்று எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. அங்கே சிவப்பு அணுக்கள் மட்டும் விநாடிக்குச் சுமார் 20 லட்சம் உண்டாகின்றன. அதனால்தான் போலிக் அமிலம் குறைந்தால் ரத்தம் முதலில் அடி வாங்குகிறது.

ரத்தப் புற்று இதற்கு நேர் எதிர். அதில் வெள்ளை அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகும். வேலை தெரியாத, முதிராத அணுக்கள் மஜ்ஜையை அடைத்துக் கொள்ளும். நல்ல ரத்தம் ஊற இடம் இருக்காது.

பூட்டில் சிக்கிய போலிச் சாவி

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி பார்பர் என்ற டாக்டர் இருந்தார். ரத்தப் புற்று வந்த குழந்தைகள் சில வாரங்களில், சில மாதங்களில் கண்முன்னே இறப்பதை அவர் பார்த்துக் கொண்டிருந்தார்.

போலிக் அமிலத்தைச் சேர்ந்த மருந்துகளை லெடர்லியிலிருந்து வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். விபரீதம்! நோய் தணியவில்லை. புற்றணுக்கள் இன்னும் வேகமாகப் பெருகியதுபோல் தெரிந்தது.

தீனி போட்டால் நோய் வளர்கிறது என்றால், தீனியைத் தடுத்தால் என்ன?

சுப்பாராவின் கூட்டத்தார் போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுள்ள மருந்துகளைச் செய்து கொண்டிருந்தார்கள். பார்வைக்கு அசல் சாவி போல இருக்கும். பூட்டுக்குள் நுழையும். ஆனால் திறக்காது. உள்ளேயே சிக்கிக் கொள்ளும். அசல் சாவி வந்தாலும் நுழைய முடியாது. நகல் எடுக்கும் வேலை நின்று போகும்.

அமினோப்டெரின் என்ற மருந்து பாஸ்டனுக்குப் போயிற்று. 1947-ம் ஆண்டு கடைசியில் பார்பர் அதைக் கொடுக்கத் தொடங்கினார்.

1948 ஜூன் மாதம் முடிவு வெளியாயிற்று. 16 குழந்தைகளின் விவரம் அதில் இருந்தது. 10 பேருக்கு நோய் தணிந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த குழந்தைகள் எழுந்தார்கள்.

அது நிரந்தரமாக நிற்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆனாலும் மருந்தால் ரத்தப் புற்றைப் பின்வாங்க வைக்க முடியும் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அமினோப்டெரினுக்குப் பின் வந்த தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். பிறகு பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகை ரத்தப் புற்று, நல்ல சிகிச்சை வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறது.

தூக்கத்தில் மறைவு

அந்தச் செய்தி வெளியான இரண்டு மாதங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். இதயம் நின்றுவிட்டது. வயது 53.

அதற்குள் அவர் தலைமையில் வேறு மருந்துகளும் வந்திருந்தன. யானைக்கால் நோய்க்கு 1947-ல் ஒரு மருந்து கிடைத்தது. அதுதான் தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை. பலவகைக் கிருமிகளைக் கொல்லும் ஆரியோமைசின் 1948-ல் வந்தது. அதைக் கண்டவர் அங்கே வேலை பார்த்த டக்கர் என்ற முதியவர்.

சுப்பாராவ் எதிலும் தம்மை முன்னால் நிறுத்திக் கொள்ளவில்லை. பெயர் தேடவில்லை. நோபல் பரிசும் வரவில்லை. அமெரிக்கக் குடிமகனாகவும் ஆகவில்லை. 1995-ல், நூற்றாண்டின்போது இந்திய சர்க்கார் அவர் படத்துடன் தபால் தலை வெளியிட்டது.

பரம்பரை நோயா?

செல்லின் பாகப்பிரிவினையைத் தடுத்து நிறுத்த வழி கண்டவர், அந்தப் பத்திரங்களின் வடிவத்தையே பார்க்கவில்லை! ஜீன்கள் எழுதப்பட்டுள்ள டி.என்.ஏ.யின் அமைப்பு 1953-ல்தான் தெரிந்தது. மனிதச் செல்லில் குரோமோசோம்கள் 46 என்ற சரியான கணக்கே 1956-ல்தான் கிடைத்தது.

அதன்பிறகு, இந்த நோய் வந்த வீடுகளில் கேட்கப்படும் கேள்விக்கும் பதில் வரத் தொடங்கியது. ரத்தப் புற்று பரம்பரையாக வருமா?

பெரும்பாலும் வராது. மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் நகல் பிழையாகி, அது பெருகுவதால் வருவதே அதிகம். அது பெற்றோர் கொடுத்தது அல்ல. பிள்ளைகளுக்கும் போகாது. தொட்டால் ஒட்டாது.

சில குடும்பங்களில் மட்டும் பிழை பிறக்கும்போதே வந்துவிடுகிறது.

ரன்க்ஸ்1 என்ற ஜீன் ரத்த அணுக்கள் முதிர்வதைக் கவனிப்பது. அதில் வரும் பிழை சில குடும்பங்களில் தலைமுறையாக இறங்குவதை 1999-ல் கண்டார்கள். தாய் தந்தை இருவரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிழை வந்தவர்கள் எல்லோருக்கும் புற்று வந்தே தீரும் என்பதில்லை.

பான்கோனி ரத்தசோகை என்று இன்னொன்று. கிழிந்த பத்திரத்தை ஒட்டிச் சீராக்கும் ஜீன்கள் இதில் கெட்டிருக்கும். பிற்காலத்தில் ரத்தப் புற்று வரும் அபாயம் அதிகம். பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமும் ஒரே பிழை மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு இது வரும். அப்போதும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் செய்தால், இருவரிடமும் ஒரே பிழை இருக்க வாய்ப்பு கூடும்.

சில சமயம் பிரிவினையைக் கண்காணிக்கும் பஞ்சாயத்தாரின் ஜீனே கெட்டிருக்கும். பப்1பி என்ற ஜீனில் அத்தகைய பிழையை 2004-ல் சில குடும்பங்களில் கண்டார்கள். அந்தக் குழந்தைகளின் செல்களில் ஒன்றுக்கு 47 கட்டும், இன்னொன்றுக்கு 45 கட்டும் என்று பங்கு தாறுமாறாகிப் போகிறது. அவர்களுக்குப் பலவகைப் புற்று வருகிறது. ரத்தப் புற்றும் அதில் உண்டு. ஆனால் இது மிக மிக அபூர்வம்.

இதைத் தெரிந்து கொள்வதால் என்ன பயன்?

பயன் உண்டு. குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு ரத்த நோய் வந்திருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நோயாளிக்கு உடன்பிறந்தவரின் மஜ்ஜையை எடுத்துப் பொருத்துவது உண்டு. கொடுப்பவரிடமும் அதே ஜீன் பிழை இருந்தால் ஆபத்து. முன்கூட்டியே சோதித்தால் வேறு ஆளைத் தேடலாம்.

கல்யாணம் நின்றுவிடும், ஊர் பேசும் என்று பயந்து மூடி வைத்தால், காப்பாற்றக் கூடிய பிள்ளையும் கைநழுவிப் போகும்.

கேட்ட கேள்வி

சுப்பாராவ் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்கு முன்பே படித்துத் தேறியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவரும் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி எழுந்தது. அங்கே வரும் குழந்தைகளின் சிகிச்சையில், பேர்ல் ரிவரில் பிறந்த அந்த மெத்தோட்ரெக்சேட்டும் சேர்ந்தது.

அண்ணனும் தம்பியும் ஒரே வாரத்தில் போவது போலப் போனபோது, ஒரு வாலிபர் விதியை நொந்து உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரவில்லை. எது குறைந்தது என்று கேட்டார். ஏன் என்று கேட்டார்.

அவருடைய சகோதரர்களை அந்தக் கேள்வியால் மீட்க முடியவில்லை. அவர் முகம் பார்க்காத எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அதனால் பிழைத்து, பள்ளிக்கூடம் போய்க் கொண்டிருக்கிறார்கள்.